சயாமுக்குப் போனவர்களைப் படிப்போம்



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்தால் போதும், அடுப்படியிலிருந்து இந்தப் பழமொழி புறப்பட்டு வந்துவிடும். பாடப் புத்தகம் என்றால் விளக்கைப் போட்டுக் கொடுப்போம். பயிற்சி நூல் என்றால் கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுப்போம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இருந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021-இல் எடுத்துவிட்டார்கள். பயிற்சி நூல் வாங்கும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. கதைப் புத்தகம் வாங்குவது என்றால்தான் கை பின்னுக்கு இழுக்கிறது.

ஆனாலும், "டீச்சர், நாங்கள் இதுவரை புத்தகம் படித்துப் பழகாதவர்கள். எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கல்கி, மு.வ., அகிலன், நா. பார்த்தசாரதி என்று பெயர்களை அடுக்கிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். அவர்களும் படிக்க வேண்டியவர்களே. ஆனால் இந்த வாரம் நான் சொல்லப்போவது வேறு. வந்தியத்தேவனோடு வீராணம் ஏரிக்கரையில் குதிரை ஏறுவதற்கு முன்னால், நம் பாட்டனோடு கூட்ஸ் வண்டியில் ஏறிச் சயாம் வரைக்கும் ஒரு முறை போய் வருவோம் என்கிறேன். அந்தப் பயணத்தை நாவலாக எழுதியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். அந்த நாவல்களைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

சயாம் ரயில் என்பது என்ன?

"சப்பான்காரன் காலம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1942 தொடக்கத்தில் மலாயா முழுவதும் ஜப்பானியர் கைக்கு வந்தது. கித்தாப் பாலை வாங்க ஆளில்லை; கப்பல் ஓடவில்லை. தோட்டங்களில் வேலை நின்றது. அரிசி குறைந்து மரவள்ளிக் கிழங்கே சோறானது. இந்த நேரத்தில்தான் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஒரு ரயில் பாதை போட ஜப்பானிய இராணுவம் முடிவு செய்தது. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். வழியெல்லாம் மலை, காடு, ஆறு. 1942 நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபரில் இரு முனைத் தண்டவாளங்களும் சந்தித்தபோது முடிந்தது. ஏறக்குறைய பதினாறு மாதத்தில் முடித்தார்கள் என்றால், எத்தனை மனிதரை அந்த மண்ணில் போட்டு முடித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தொடக்கத்தில் ஆசை காட்டினார்கள். நல்ல சம்பளம், சாப்பாடு, மூன்று மாதத்தில் வீடு திரும்பலாம் என்றார்கள். போனவர்கள் திரும்பவில்லை, செய்திதான் மெல்லத் திரும்பியது. பிறகு யாரும் தாமாகப் போக முன்வரவில்லை. எனவே தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு வைத்துப் பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டி, கதவை அடைத்து ஏற்றிக்கொண்டு போனதும் உண்டு. பெரட்டுக்கு நின்றவன் அப்படியே போனான். மனைவி, பிள்ளைகளோடு போன குடும்பங்களும் இருந்தன. கூட்ஸ் வண்டியில் அடைத்துப் பான்போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடக்க விட்டார்கள். 1943-இன் மழைக் காலத்தில் முகாம்களில் காலரா பரவியபோது கொத்துக் கொத்தாக விழுந்தார்கள்.

இந்த வேலையில் இரண்டு விதமான மனிதர்கள் இருந்தார்கள். ஒரு பக்கம், போரில் பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். ஏறத்தாழ 60 ஆயிரம் பேர். இவர்களில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்னொரு பக்கம், மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று ஆசியத் தொழிலாளர்கள். 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. இவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90 ஆயிரம் என்று கணக்கிடுகிறார்கள். வீரர்களுக்குத் தங்கள் படைத் தலைவர்கள் இருந்தார்கள்; தங்கள் டாக்டர்கள் இருந்தார்கள்; மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று கட்டளையிட ஒருவர் இருந்தார். தோட்டத்திலிருந்து போனவனுக்கு அப்படி யாருமில்லை. கங்காணி இருந்தால் அவனும் காய்ச்சலில் கிடந்தான்.

பெயர் உள்ள கல்லும், பெயர் இல்லாத மண்ணும்

தாய்லாந்தில் காஞ்சனபுரி என்ற ஊரில் போர் வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேருக்கு அங்கே இடம். வரிசை வரிசையாகக் கல். இன்னாரென்று அறியப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் கல்லில் பெயர். புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பேணுகிறார்கள். அது செய்ய வேண்டிய மரியாதைதான். நம்மவர்களுக்கு? 1990-இல் அதே ஊருக்குப் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை என்றார்கள். ஒன்றின் மேலும் பெயர் இல்லை.

ஒரு வேடிக்கையான வேதனையும் உண்டு. ரயில் பாதை முடிந்தபின் 1944-இல் ஜப்பானியரே ஆற்றங்கரையில் ஒரு நினைவுத் தூண் கட்டினார்கள். செத்தவர்களின் ஆன்மா சாந்தியடைய வேண்டுமாம். அதில் பல மொழிகளில் எழுதி வைத்தார்கள். அவற்றுள் தமிழும் ஒன்று. நம் மக்களைக் கொன்றவர்கள்தான் அங்கே முதலில் தமிழில் எழுதினார்கள்! நம்மவர்கள் போய்த் தமிழ்த் தொழிலாளர்களின் நினைவாக அந்த ஊரில் ஒரு நடுகல் நிறுத்துவதற்கு 2023 ஆகிவிட்டது. நடுவில் ஓடியது ஏறத்தாழ 80 ஆண்டு.

உலகத்துக்கு இந்த ரயிலைத் தெரிய வைத்தது 1957-இல் வந்த ஆங்கிலப் படம், 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. ஆஸ்கார் பரிசுகளை அள்ளிக்கொண்டு போன படம். பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952-இல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுத்தார்கள். அந்த பூல் யார் தெரியுமா? போருக்கு முன்னால் நம் மலாயாவிலேயே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்! பால்மரம் வெட்டும் தமிழரை நாள்தோறும் கண்டிருக்க வேண்டியவர். ஆனாலும் அவர் கதையின் நாயகன் ஒரு பிரிட்டிஷ் கர்னல்தான். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவரவர் தம் சனத்தின் கதையை எழுதினார்கள். ஆஸ்திரேலிய டாக்டர் வியரி டன்லப் முகாமில் மறைத்து வைத்து எழுதிய நாட்குறிப்பு 1986-இல் புத்தகமானது. எழுதத் தெரிந்தவர்கள், எழுதுவதற்கு ஒரு பென்சிலாவது வைத்திருந்தவர்கள், எழுதி வைத்தார்கள். நம் பாட்டனுக்குக் கைநாட்டுதான் தெரியும். அவனுக்குப் பென்சிலும் கிடைக்கவில்லை, நாட்குறிப்பும் கிடைக்கவில்லை.

அப்படியானால் அவன் கதையை யார் எழுதுவது? அவன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் எழுத வேண்டும். எழுதியும் இருக்கிறார்கள். நமக்குத்தான் தெரியவில்லை.

நம்மவர் எழுதியவை

முதலில் சொல்ல வேண்டியது ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்'. 1993-இல் இங்கே வெளிவந்தது. 2007-இல் தமிழ்நாட்டிலும் மறுபதிப்பாக வந்தது. நடுகல் நிறுத்தியது 2023 என்றேன் அல்லவா? கல்லுக்கு 30 ஆண்டு முன்னதாகவே இந்தப் புத்தகம் நின்றுவிட்டது. கல் ஒரே இடத்தில் நிற்கும். காஞ்சனபுரிக்குப் போனால்தான் பார்க்கலாம். புத்தகம் நம் லயத்து வீட்டுக்கே வரும்.

அடுத்து அ. ரெங்கசாமி. இவரும் ஆசிரியராக இருந்தவர். 2005-இல் வந்த 'நினைவுச் சின்னம்' என்ற நாவல் இதே சயாம் ரயிலைப் பற்றியது. இவருடைய சிறப்பு, ஒரு நாவலோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பது. ஜப்பானியர் வந்தபோது தோட்டம் என்ன பாடுபட்டது என்பதற்கு 'புதியதோர் உலகம்'. நேதாஜியின் படையில் சேர்ந்த நம்மவர்களைப் பற்றி 'இமையத் தியாகம்'. போர் முடிந்து கம்யூனிஸ்டு கலவரம் வந்த நாளைப் பற்றி 'லங்காட் நதிக்கரை'. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு காலம் முழுவதும் கண்முன் வந்து நிற்கும். பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் ஓரிரு வரியில் முடிந்துவிடுகிற நம் கதையை, ஓர் ஆசிரியர் தம் எழுதுகோலால் பக்கம் பக்கமாக நிரப்பியிருக்கிறார். 2014-இல் முதலாவது வல்லினம் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

கெடாவைச் சேர்ந்த கோ. புண்ணியவானும் அண்மை ஆண்டுகளில் 'கையறு' என்ற நாவலில் இதே சயாம் ரயிலை எடுத்துக்கொண்டார். "ஒருவர் எழுதியதையே ஏன் மற்றவரும் எழுத வேண்டும்?" என்று கேட்கலாம். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒருத்தி மட்டுமா ஒப்பாரி வைக்கிறாள்? ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்த முறையில் அழுவாள். இத்தனை பெரிய சாவுக்கு மூன்று நாவல் அதிகமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்து நம்மைப் பார்த்து எழுதியவரும் உண்டு. ஞானபீடப் பரிசு பெற்ற அகிலன் இங்கே வந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, 1977-இல் 'பால்மரக் காட்டினிலே' என்ற நாவலை வெளியிட்டார். நம்மைப் பற்றி அக்கறையோடு எழுதினாரே என்று நன்றி சொல்வோம். ஆனால் விருந்தாளி எழுதுவதற்கும் வீட்டுக்காரர் எழுதுவதற்கும் வேறுபாடு இருக்கும். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலைப் படித்துப் பாருங்கள். நாம் தோட்டத்தில் பேசுகிற பேச்சு அப்படியே அதில் இருக்கிறது. 2017-இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது இவரைத் தேடி வந்தது. "இதென்ன, கொச்சையாக இருக்கிறதே? பிள்ளைகள் கெட்டுப் போகாதா?" என்று சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிழையில்லாமல் எழுதச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. அதை நான் விடமாட்டேன். ஆனால் நம் தாய் பேசிய பேச்சு புத்தகத்தில் ஏறியதற்காக வெட்கப்படச் சொல்லிக் கொடுப்பது என் வேலையல்ல.

ஒன்றை மறக்க வேண்டாம். நாவல் என்பது நாவல்தான். அதில் வரும் ஆட்கள் எழுத்தாளர் படைத்த ஆட்கள். கணக்கும் தேதியும் வேண்டுமென்றால் சரித்திர நூலுக்குப் போக வேண்டும். ஆனால் 90 ஆயிரம் என்று நான் மேலே எழுதினேனே, அதைப் படித்தபோது உங்களில் யாருக்காவது கண் கலங்கியதா? கலங்கியிருக்காது. எண்ணைக் கண்டு யாரும் அழுவதில்லை. காட்டு முகாமில் காய்ச்சலில் கிடக்கிற ஒருவன், பக்கத்தில் படுத்திருப்பவனிடம் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போதுதான் அழுகிறோம். அதற்காகத்தான் கதை வேண்டும்.

புத்தகம் மொய் அல்ல

இனிக் கொஞ்சம் கசப்பானதைப் பேசுவோம். நம் நாட்டில் தமிழ்ப் புத்தகம் எப்படி வெளிவருகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலும் எழுதியவரே அச்சுக்கூலி கொடுக்கிறார். ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்தோ, மனைவியின் நகையிலிருந்தோ அந்தப் பணம் வருகிறது. பிறகு ஒரு வெளியீட்டு விழா. குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை. முக்கியப் பிரமுகர் ஒருவர் வந்து முதல் நூலைப் பெரிய தொகை கொடுத்து வாங்குவார். அவர் பின்னால் மற்றவர்கள் வரிசையில் நின்று, உறையில் பணம் வைத்துக் கொடுத்து, ஒரு நூலை வாங்கிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். திருமணத்தில் மொய் எழுதுவது போலத்தான். வாங்கிய புத்தகம் வீட்டுக்குப் போய் அலமாரியில் படுக்கும். விற்காமல் மிஞ்சியது எழுத்தாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு கிடக்கும்.

இந்த விழாக்களை நான் கேலி செய்யவில்லை. அவை இல்லாவிட்டால் பல புத்தகங்கள் அச்சுக்கே போயிருக்காது. துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி போட்டு வளர்த்த சங்கம் அது. அந்தச் சங்கம் தமிழ் நூல்களுக்குப் பரிசு கொடுத்து ஆதரித்து வந்திருக்கிறது. பால்வெட்டிய காசில் வளர்ந்தது எழுத்துக்கும் உதவுகிறது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆயினும், பரிசும் பொன்னாடையும் எழுத்தாளருக்கு ஒருநாள் மகிழ்ச்சி. "உங்கள் புத்தகத்தில் அந்தக் காலரா முகாமைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை" என்று முன்பின் தெரியாத ஒருவர் வந்து சொன்னால், அது அவருக்குச் சாகும் வரை போதும்.

ஒரு காலத்தில் அப்படிச் சொல்லும் வாசகர்கள் தோட்டம்தோறும் இருந்தார்கள். ஞாயிறு பத்திரிகை வந்தால் ஒருவர் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். 1950-களில் 'தமிழ் நேசன்' கதை வகுப்பு நடத்தியது. கதை எழுதுவது எப்படி என்று பத்திரிகை வழியாகவே பாடம் சொன்னார்கள். பிறகு கு. அழகிரிசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து அந்தப் பத்திரிகையில் பணியாற்றியபோது, இலக்கிய வட்டம் அமைத்து இங்குள்ள இளைஞர்களுக்கு வழிகாட்டினார். நம் மூத்த எழுத்தாளர்கள் பலர் அப்படிப் பழகி வந்தவர்களே. 1924-இல் தொடங்கிய அந்த 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. தொண்ணூறு ஆண்டுக்கும் மேல் ஓடிய பத்திரிகை ஒரு நாள் காலையில் கடைக்கு வரவில்லை. எத்தனை பேர் தேடினோம்?

தோட்டங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு அதையும் வெட்டி வீடமைப்புத் திட்டம் போட்டார்கள். லயம் இருந்த இடத்தில் அடுக்குமாடி. கோயிலை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்தார்கள். சயாமுக்குப் போகும்போது கடைசியாக நின்ற பெரட்டுக் களம் எது என்று காட்டுவதற்குக்கூட இடம் இல்லாத ஊர்கள் பல. இடம் போய்விட்டது, அந்த நாளைக் கண்ணால் கண்டவர்களும் ஏறக்குறையப் போய்விட்டார்கள். 1943-இல் எட்டு வயதுப் பிள்ளை என்றால் இன்று தொண்ணூறு. மிஞ்சியிருப்பது புத்தகம்தான். அதையும் படிக்க ஆளில்லை என்றால், நம் பாட்டன் இரண்டாம் முறை சாகிறான். இந்த முறை அவனைக் கொல்வது சப்பான்காரன் அல்ல.

ஒரு பாட்டியின் கேள்வி

என்னிடம் படித்த ஒரு மாணவியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவளுக்கு ஒரு கொள்ளுப்பாட்டி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் கொடுத்தனுப்பிய சயாம் நாவலை அந்தப் பெண் இரவு நேரத்தில் சத்தம் போட்டுப் படிப்பாள். பாட்டி கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பார். முதல் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் பாட்டி எழுந்து உட்கார்ந்தாராம்.

"எங்கப்பா பேரு அதுல எழுதியிருக்கா, பாரு தாயி."

"இது கதை பாட்டி. நெசமான ஆளுங்க பேரு இருக்காது."

"அவரும் அந்த வண்டியிலதான் போனாரு. பேரு இல்லாம எப்புடி?"

அன்றைக்குத்தான் அந்த வீட்டிலிருந்தவர்களுக்கு, பாட்டியின் அப்பா சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் என்பதே தெரிந்தது. பேரனுக்கும் தெரியாது, பேத்திக்கும் தெரியாது. ஏறத்தாழ எண்பது ஆண்டு அந்த அம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. "ஏன் பாட்டி சொல்லவில்லை?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். "யாரு கேட்டா, டீச்சர்?" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெயரை அவர் சொன்னபோது, மாணவி அதைத் தன் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டாள். சில மாதங்களில் பாட்டி காலமாகிவிட்டார். அந்தப் புத்தகம் அந்த வீட்டுக்குள் போகாமல் இருந்திருந்தால் பெயரும் அவரோடு போயிருக்கும்.

பழமொழியைச் சொல்லும் தாய்மார்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். சுரைக்காய் கறிக்கு ஆகாமல் போகலாம், விதைக்கு ஆகும்.

எப்படித் தொடங்குவது?

"பகலெல்லாம் காட்டில் வேலை, இரவில் கண் சொருகுகிறது. எங்கே படிப்பது?" என்ற கேள்வி நியாயமானது. அதனால் ஆகக் கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு வீட்டுக்கு வருடத்தில் ஒரு புத்தகம் போதும். தீபாவளிக்குப் பட்டாசும் பலகாரமும் வாங்கும் கணக்கில் ஒரு புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக வாங்க முடியாவிட்டால் நான்கு வீடு சேர்ந்து வாங்கி, மாற்றி மாற்றிப் படிக்கலாம்.

இரண்டாவது, ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். தொலைக்காட்சித் தொடரில் அரை மணி நேரம் குறைந்தால் அந்த மாமியார் மருமகள் சண்டை ஒன்றும் தீர்ந்துவிடாது, நாளைக்கும் நடக்கும். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு உச்சரிப்பும் சீர்படும், பாட்டி தாத்தாவோடு பேச ஒரு காரணமும் கிடைக்கும். சாவும் நோயும் வரும் இடங்கள் சின்னப் பிள்ளைகளுக்குக் கனமாக இருக்கும்; பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

மூன்றாவது, உங்கள் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "பள்ளி நூலகத்தில் நம் நாட்டு எழுத்தாளர்களின் நூல் எத்தனை இருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டால்தான் வாங்குவார்கள்.

நான்காவது, எழுத்தாளர் வெளியீட்டு விழாவுக்கு அழைத்தால் போங்கள். உறையில் என்ன வைக்க முடியுமோ வையுங்கள். ஆனால் புத்தகத்தைப் படித்துவிட்டு, பிடித்தது பிடிக்காதது எதுவானாலும் அவருக்கு நான்கு வரி எழுதுங்கள். "இந்த இடம் சரியில்லை, எங்கள் தோட்டத்தில் இப்படி நடக்காது" என்று எழுதினாலும் அவர் மகிழ்வார். படித்தவர்தானே குறை சொல்ல முடியும்!

கடைசியாக ஒன்று. உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யாராவது உண்டா என்று இந்த வாரமே வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். நேற்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாளைக்குத் தள்ள வேண்டாம். பெயர் தெரிந்தால், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், திரும்பினாரா இல்லையா என்றும் விசாரியுங்கள். பிறகு மேலே சொன்ன நாவல்களில் ஒன்றை வாங்கி, அதன் முதல் வெற்றுத் தாளில் அந்தப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பிள்ளையின் கையால் மையில் எழுத வையுங்கள். காஞ்சனபுரி மண்ணில் அவர் பெயரைத் தாங்க ஒரு கல் கிடைக்கவில்லை. நம் வீட்டுப் புத்தகத்தில் அதற்கு ஒரு தாள் இருக்கிறது.